பெரியாரின் இரண்டு திருமணங்கள்

பெரியாரின் சொந்த வாழ்க்கையைக் குறை சொல்ல வருகிற எவரும் கடைசியில் போய் நிற்கிற இடம் 1949 ஜூலை 9. எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பெரியார், தம்மைவிட ஏறத்தாழ 40 வயது இளையவரான மணியம்மையாரை அன்று சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த இரண்டு மாதத்தில், அதுவும் அவருடைய பிறந்த நாளான செப்டம்பர் 17 அன்றே, பெரியாரின் கழகத்திலிருந்து அண்ணா தலைமையில் பிரிந்தவர்கள் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அன்று எழுந்த ‘பொருந்தாத் திருமணம்’ என்ற சொல் இன்றுவரை ஓயவில்லை. பெரியார் பெயரை எடுத்தாலே, வாதத்துக்குப் பதில் இல்லாதவர்கள் இந்தத் தேதியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதில் எனக்குள்ள கருத்தை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியாரின் இல்லற வாழ்க்கையில் கேள்வி கேட்க வேண்டிய இடம் உண்டு. ஆனால் அது 1898-இல் தொடங்கிய முதல் திருமணத்தில் இருக்கிறது. 1949 திருமணமோ அந்தக் காலத்து இந்தியச் சட்டத்துக்குள் ஒரு பெண்ணுக்கு அதிகபட்ச உரிமை தந்த திருமணம். அதைப் பழித்தவர்கள் ஆள் மாறிப் பழித்தார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். திருமணம் மாறிப் பழித்தார்கள்.

முதல் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது ராமசாமி என்ற பெயரில் இருந்த பெரியாருக்கு வயது 19, நாகம்மைக்கு 13. வேறு யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன், ராமசாமியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இருக்கட்டும். 13 வயதுச் சிறுமியின் பிடிவாதத்தைச் சம்மதம் என்று இன்று எந்த நீதிமன்றமும் ஏற்காது. அதே பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணின் மண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் தலைவரின் சொந்தத் திருமணமே தேறாது. மணமான புதிதில் அவர் நடந்துகொண்ட விதமும் பெருமைப்பட முடியாதது. பணக்கார வீட்டுப் பிள்ளையின் மைனர் வாழ்க்கை வாழ்ந்தேன் என்பதை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கோயிலுக்குப் போகும் பழக்கத்திலிருந்து மனைவியை விலக்க வேண்டும் என்பதற்காக, ஊருக்குப் புதிதாக வந்த தாசி இவள் என்று நண்பர்களிடம் சொல்லி, கோயிலில் அவரைக் கேலி பேச வைத்த கதை பெரியாரின் ஆரம்பகால வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பகுத்தறிவு மாமாவின் குறும்பு என்று இதை மேடையில் சிரித்துக்கொண்டே சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. கோயில் பிரகாரத்தில் அந்நிய ஆண்களின் பேச்சுக்கு நடுவே நடுங்கி நின்ற ஓர் இளம்பெண்ணின் நிலையை நினைத்துப் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கொள்கை சரியாக இருக்கலாம். அந்தக் கொள்கையை மனைவிமேல் ஏவிய முறை தவறு.

இதையெல்லாம் தாண்டி நாகம்மையார் எழுந்து நின்றார் என்பது அவருடைய பெருமை. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் பெரியார் சிறைப்பட்டபோது, பெரியாரின் தங்கை கண்ணம்மாளுடன் சேர்ந்து மறியலைத் தொடர்ந்தவர் அவர். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்ற பொருளில் காந்தி சொன்னது இந்தப் பெண்களைப் பற்றித்தான். 1924-இல் வைக்கம் போராட்டத்துக்கும் போனார். வைதீகமான குடும்பத்துக்குள் சிறுமியாக வந்து சேர்ந்தவர், 1933 மே 11 அன்று இறக்கும்போது ஓர் இயக்கத்தின் தலைவிகளில் ஒருவராக இருந்தார். அவருக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை மாதக்கணக்கிலேயே இறந்துபோயிற்று. பிள்ளை இல்லை என்று சொல்லி இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வது அன்றைய வசதி படைத்த வீடுகளில் சாதாரணம். நாகம்மையார் இருந்தவரை பெரியார் அந்த வழிக்குப் போகவில்லை. அவர் இறந்த பிறகும் 16 ஆண்டு தனியாகவே இருந்தார். கிழவருக்குப் பெண்ணாசை என்று 1949-இல் பேசியவர்கள் இந்த 16 ஆண்டைக் கணக்கில் எடுக்கவே இல்லை. 53 வயதில் மனைவியை இழந்த ஒரு செல்வந்தருக்குப் பெண் கொடுக்க அந்தக் காலத்து ஈரோட்டில் வரிசையில் நின்றிருப்பார்கள். ஆசைதான் காரணம் என்றால் எழுபதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

இப்போது மணியம்மையார். வேலூர்க்காரர், தந்தை கனகசபை நீதிக்கட்சிக் காலத்திலிருந்தே இயக்கத்தில் இருந்தவர். தந்தை இறந்த 1943-ஆம் ஆண்டிலேயே பெரியாரின் தொண்டராக வந்து சேர்ந்தார். பெரியாருக்குச் சோறு, மருந்து, துணி, தூக்கம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். கூட்டம் நடக்கிற ஊரில் மேடைக்குப் பக்கத்தில் புத்தகங்களைப் பரப்பிவைத்து விற்று, காசை எண்ணிக் கணக்கு ஒப்படைத்தவரும் அவரே. 1948 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கும்பகோணத்தில் கைதாகிச் சிறைக்கும் போய்வந்தார். திருமணத்துக்கு முன் ஆறு ஆண்டுகள் பெரியாரின் கோபம், சிக்கனம், நோய், ஓயாத சுற்றுப்பயணம் அனைத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர். எதற்குள் நுழைகிறோம் என்று தெரிந்தே நுழைந்தவர். அந்தத் தலைமுறையில் எத்தனை பெண்களுக்கு மணக்கப்போகிறவரை ஒரு தடவையாவது நேரில் பார்த்துப் பேசும் வாய்ப்பு இருந்தது? ‘பொருந்தாத் திருமணம்’ என்று சொன்னவர்கள் இருவரின் வயதைக் கழித்துப் பார்த்தார்களே தவிர, மணியம்மையாரின் வயதைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை. அவர் குழந்தை அல்ல, பெற்றவர்கள் பணத்துக்காக விற்ற பெண்ணும் அல்ல. அறிந்து தெளிந்த வயதில் தம் வாழ்க்கையைத் தாமே தீர்மானித்த பெண்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கிழவர்கள் இளம்பெண்களை மணப்பதை ஊர் ஊராகக் கண்டித்த இயக்கம் இது. அதன் தலைவரே அப்படிச் செய்தால் தொண்டன் எந்த முகத்தோடு மேடை ஏறுவான்? நியாயமான கேள்வி. அன்று அந்தத் தொண்டர்கள் பட்ட அவமானம் பொய்யல்ல, அவர்கள் வடித்த கண்ணீரும் நடிப்பல்ல. பின்னாளில் பெரியார் அவர்களைக் ‘கண்ணீர்த்துளிகள்’ என்று பட்டப்பெயர் வைத்து ஏசியது அவருடைய பெருந்தன்மைக்கு அழகில்லை. ஆனால் இயக்கம் எதைக் கண்டித்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சிறுமியின் விருப்பத்தைக் கேட்காமல் கட்டிவைப்பதை, விலைபேசுவதை, பிடிக்காவிட்டாலும் பிரிய வழியில்லாமல் பூட்டிவைப்பதை, கிழவன் செத்ததும் அவளை விதவைக் கோலத்தில் மூலையில் தள்ளுவதை, சொத்தில் பங்கில்லாமல் விரட்டுவதைக் கண்டித்தது. வயது வித்தியாசம் அந்தக் கொடுமைகளின் வெளி அடையாளமாக இருந்தது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ எழுதியவர் திருமணத்தை இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தமாகத்தான் பார்த்தார். ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை மூன்று: சம்மதம் உண்டா, முறித்துக்கொள்ள வழி உண்டா, பெண்ணுக்குப் பொருளாதாரப் பாதுகாப்பு உண்டா. அந்த மூன்றையும் வைத்து 1949-ஐ அளந்தால் கிடைக்கிற விடை வேறு.

சட்டத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த விவகாரத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. கழகத்தின் பணமும் சொத்தும் பெரும்பாலும் பெரியாரின் பெயரில் இருந்தன. தமக்குப் பிறகு அவை உறவினர் கைக்குப் போய்விடக் கூடாது, இயக்கத்துக்குப் பயன்பட வேண்டும், அதற்கு நம்பிக்கையான வாரிசு வேண்டும் என்பதுதான் 1949 ஜூனில் ‘விடுதலை’யில் அவர் வெளியிட்ட அறிக்கையின் சாரம். அப்படியானால் மணியம்மையாரை மகளாகத் தத்து எடுத்திருக்கலாமே என்றார்கள். அன்றைய இந்துச் சட்டப்படி பெண்ணைத் தத்து எடுக்கவே முடியாது. ஆண் பிள்ளையை மட்டுமே எடுக்கலாம். பெண் குழந்தையையும் தத்து எடுக்கலாம் என்ற சட்டம் 1956-இல்தான் வந்தது. இயக்க வழக்கப்படி சுயமரியாதைத் திருமணம் செய்திருக்கலாமே என்றும் கேட்டார்கள். புரோகிதர் இல்லாமல், தாலி இல்லாமல் எத்தனையோ இணையர்களுக்குத் தலைமை தாங்கி மணம் முடித்து வைத்த பெரியாருக்கு அந்தத் திருமணங்களின் சட்டநிலை தெரியாமல் இல்லை. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரியாரும் மணியம்மையாரும் தம் இயக்க முறைப்படி மணந்திருந்தால் நான்கே ஆண்டில் மணியம்மையார் சட்டத்தின் கண்ணில் யாரோ ஒரு பெண்ணாகியிருப்பார். அந்தக் குறையை நீக்கிச் சுயமரியாதைத் திருமணத்துக்கு முன்தேதியிட்டுச் சட்ட ஏற்பு தந்தது 1967-இல் அண்ணாவின் அரசு. எந்தத் திருமணத்தை முன்வைத்துப் பிரிந்தாரோ, அந்தத் திருமணத்தைப் பதிவாளர் முன் கொண்டுபோய் நிறுத்திய சட்டக் குறையை அண்ணாவே தீர்த்துவைத்தார் என்பதை இரு தரப்பாரும் அதிகம் பேசுவதில்லை.

மதச் சடங்கு இல்லாமல் பதிவாளர் முன் மணம் முடிக்க அன்று இருந்த வழி 1872-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். 1923-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இந்துக்களும் தம் மதத்தைத் துறக்காமல் அதன்கீழ் மணக்க முடிந்தது. அதன் விளைவுகள் கவனிக்கத்தக்கவை. அந்தச் சட்டப்படி மணக்கிற இந்து கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிறார். அவருடைய சொத்துக்கு இந்து வாரிசுமுறை பொருந்தாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதாவது அன்றைய இந்து விதவைக்குக் கிடைத்த, அனுபவிக்க மட்டுமே முடிகிற வாழ்நாள் உரிமையைத் தாண்டி, மனைவிக்கு முழு உரிமையுள்ள பங்கு வருகிறது. ஒருவருக்கு ஒரு துணைதான். மணமுறிவு கோரும் வழியும் திறந்திருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வருவதற்கு ஏழு ஆண்டுக்கு முன்பே மணியம்மையாருக்கு இவை கிடைத்தன. உயில் எழுதிவைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. ரத்த உறவோ மண உறவோ இல்லாத ஓர் இளம்பெண்ணுக்கு முதியவர் எழுதிவைக்கிற உயிலைப் போல நீதிமன்றத்தில் எளிதாகச் சந்தேகத்துக்கு ஆளாகிற ஆவணம் வேறொன்று கிடையாது. உறவினர் வழக்குப் போட்டால் மயக்கி எழுதி வாங்கினாள் என்ற பழியும் அந்தப் பெண்மீதே விழும். மனைவி என்ற இடத்தை அப்படி அசைக்க முடியாது. 1952-இல் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். மூன்று ஆண்டு பொறுத்திருந்தால் திருமணமே தேவைப்பட்டிருக்காதே என்பார்கள். நிறுவனம் தாளில் இருக்கும். அதற்கு உள்ளே இருந்து, பெரியார் இல்லாத நாளில் உறுதியாக நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைச் சட்டமும் அசைக்க முடியாதவராக்கியது திருமணம்.

ஆனால் இங்கே பெரியார் ஆதரவாளர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பெரியாரைக் காப்பாற்றும் ஆவலில், ‘அது வெறும் ஏற்பாடு, சொத்துக்காகச் செய்த கையெழுத்து’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பெரியாரின் அறிக்கையே அந்தத் தொனியில்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்படிச் சொல்லும்போது மணியம்மையார் என்ற மனுஷி காணாமல் போய், ஒரு பத்திரம் மட்டும் மிஞ்சுகிறது. பழித்தவர்கள் அவரை ஏமாந்த பேதை என்றோ, ஏமாற்றிய தந்திரக்காரி என்றோ பேசினார்கள்; காத்தவர்கள் அவரைச் சாவிக்கொத்தாக்கினார்கள். இரண்டிலும் அவருக்கு மனம் என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. தாம் மதித்த ஒரு மனிதரோடு வாழ்நாளைக் கழிக்க ஒரு பெண் விரும்பினார் என்பதை நேராகச் சொல்ல எதற்குக் கூச்சம்? பெண்ணின் விருப்பத்தைப் பேச வந்த இயக்கம், தன் தலைவியின் விருப்பத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சட்டப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

பிளவின் உண்மையான காரணத்தையும் பார்த்தால்தான் அந்தப் பழியின் எடை தெரியும். கருஞ்சட்டைப் படை தொடங்கியபோதே அண்ணாவுக்கும் பெரியாருக்கும் இடையே மனக்கசப்பு இருந்தது. 1947 ஆகஸ்ட் 15-ஐப் பெரியார் துக்க நாள் என்றார்; அண்ணா மகிழ்ச்சிக்குரிய நாள் என்று எழுதினார். 1948 தூத்துக்குடி மாநாட்டுக்கு அண்ணா போகவில்லை. அதே ஆண்டு ஈரோட்டு மாநாட்டில் அண்ணாவைத் தலைமை ஏற்க வைத்து, பெட்டிச் சாவியை அவரிடம் கொடுக்கப் போகிறேன் என்ற தொனியில் பெரியார் பேசியதும் பலருக்கு நம்பிக்கை பிறந்தது. சில மாதத்தில் அந்தச் சாவி வேறு கைக்குப் போனதுதான் அதிர்ச்சி. தேர்தலில் நிற்பதா, கூடாதா என்ற கேள்வியும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. கட்சித் தலைவர் தம் அரசியல் வாரிசை யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குள்ளேயே தீர்மானிக்கலாமா என்று அண்ணா கேட்டிருந்தால், அது ஜனநாயகக் கேள்வி. அதில் நான் அண்ணா பக்கம் நிற்பேன். பொதுக்குழுவைக் கூட்டிப் பேசாதது பெரியாரின் பிழை. கழகத் தோழர்களை நம்பவில்லை என்று பகிரங்கமாக எழுதியது அதைவிடப் பெரிய பிழை. பத்து, இருபது ஆண்டு உடன் உழைத்தவர்களுக்கு அது நெஞ்சில் அடித்த அடி. அவர்களுடைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் தலைமை, வாரிசு, நடைமுறை என்ற தன் சொந்தப் பெயரில் வெளியே வராமல், ஒரு பெண்ணின் வயதையும் ஒரு கிழவரின் உடம்பையும் பற்றிய பேச்சாக வெளியே வந்தது. அது பரவ எளிது என்பதால் பரவியது.

ராஜாஜி விவகாரமும் இதில் சேர்ந்தது. 1949 மே மாதம் திருவண்ணாமலைக்கு வந்த கவர்னர் ஜெனரல் ராஜாஜியைப் பெரியார் தனியே சந்தித்தார். என்ன பேசினீர்கள் என்று அதே மாதம் கோவை மாநாட்டில் கேள்வி எழுந்தது. சொந்த விஷயம் என்றார் பெரியார். பார்ப்பனரின் யோசனையில் நடந்த திருமணம், கழகத்தை உடைக்க நடந்த சதி என்று பேசினார்கள். பின்னாளில் வெளிவந்த ராஜாஜியின் கடிதத்தைப் பார்த்தால், அவர் இந்தத் திருமணத்தை ஊக்குவிக்கவில்லை, வேண்டாம் என்ற பக்கமே பேசியிருக்கிறார் என்று தெரிகிறது. அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டியிருந்தால் பாதிப் பழி அன்றே போயிருக்கும். அந்தரங்கமாக எழுதப்பட்ட கடிதம் என்பதால் பெரியார் அதைக் காட்டவில்லை. எதிர்முகாம் நண்பர் தந்த நம்பிக்கையைக் காப்பதற்காகத் தம் பெயர் கெடுவதைப் பொறுத்துக்கொண்டார். தனிமனித ஒழுக்கம் பற்றிப் பேசுபவர்கள் இதையும் ஒரு பக்கம் எழுதிவைக்க வேண்டும்.

திருமணத்துக்குப் பிந்திய 24 ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் நடந்தவை. பெரியாரின் பிற்காலத்துச் சுற்றுப்பயணங்கள் சிறுநீர்க் குழாயோடும் அதில் கட்டிய பையோடும் நடந்தன. அந்தக் குழாயைக் கவனிப்பது, வேனில் ஏற்றி இறக்குவது, வலியில் அவர் முனகும் இரவுகளில் விழித்திருப்பது, எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அவரிடமே திட்டு வாங்குவது எல்லாம் மணியம்மையாரின் அன்றாடம். அவர் செவிலிப் பெண்ணாக மட்டும் இருந்துவிடவில்லை. 1957 அரசியல் சட்ட எரிப்புப் போராட்டத்தில் பெரியாரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் சிறையில் இருந்தபோது, பட்டுக்கோட்டை ராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். அந்த உடல்களை அதிகாரிகளிடம் போராடிப் பெற்று, திருச்சித் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுசென்று அடக்கம் செய்தவர் மணியம்மையார். 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் இறந்த பின் கழகத்துக்குத் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டே டெல்லி ராமலீலாவுக்கு எதிர்ப்பாகச் சென்னையில் ராவண லீலா நடத்தினார். நெருக்கடி நிலையில் தோழர்கள் மிசாவில் அடைபட்டிருந்தபோது இயக்கத்தைக் கலையாமல் வைத்திருந்தார். சொத்தைக் கொண்டுபோகத்தான் இந்தப் பெண் வந்தாள் என்று 1949-இல் சொன்னவர்களின் கணிப்பை 1978 மார்ச் 16 அன்று அவர் இறந்தபோது சரிபார்க்க முடிந்தது. தம் குடும்பத்துக்கு எதையும் கொண்டுபோகவில்லை. எல்லாம் நிறுவனத்திடமே இருந்தன.

திருச்சியில் மணியம்மையார் பேணி வளர்த்த ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்துக்கு நாகம்மையாரின் பெயர். அங்கே வளர்ந்த, பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தைகளுக்கு ஈ.வெ.ரா.ம. என்பதே முதலெழுத்து, பெரியார் பெயரோடு மணியம்மையார் பெயரும் சேர்ந்த முதலெழுத்து. தாய் பெயரை முதலெழுத்தில் சேர்ப்பதற்கு அரசாணை கேட்டுப் போராட வேண்டியிருந்த நாட்டில், ஊரார் ‘பொருந்தாத் திருமணம்’ என்று சொன்ன ஓர் இல்லறம் இதைச் செய்தது. எழுபதாண்டுக்கு மேல் ஆகியும் இந்தத் திருமணத்தைப் பற்றி எழுத வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பெரியாரைக் கண்டிக்க வேண்டும் என்றால் 13 வயது நாகம்மைக்காகக் கண்டியுங்கள், கோயில் பிரகாரத்தில் அவர் பட்ட கேலிக்காகக் கண்டியுங்கள், 1949-இல் பொதுக்குழுவைக் கேட்காததற்காகக் கண்டியுங்கள். மணியம்மையாரின் சம்மதத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டு கண்டிக்காதீர்கள்.